ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: நெல்லை வெயிலுக்கேற்ற முழுமையான வழிகாட்டி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு வேலைகள் பல. இன்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெயால் இணைக்கும் பாகம்) வழியாகச் சக்கரங்களை நோக்கிக் கொண்டுசெல்வது அந்த எண்ணெய்தான்; எண்ணெயை உரிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் அழுத்தத்துடன் பாய்ந்து கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும் தளர்த்துவதும் அதுவே; பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாக இருப்பதும், அங்கே பிறக்கும் வெப்பத்தை ஏந்திச் சென்று கூலரில் விடுவதும் அதுவே. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இந்த எண்ணெயைக் கார் வாங்கிய நாள்முதல் ஒருமுறையும் எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்று சில நிறுவனங்கள் எழுதிவைத்திருப்பது அதற்கு ஒரு காரணம். அதே நிறுவனங்களின் கையேடுகளில், கடுமையான பயன்பாடு என்ற தலைப்பின் கீழ், மிகுந்த வெப்பம், மலையேற்றம், பாரம் இழுத்தல், நின்று நின்று ஊரும் நெரிசல் ஆகியவற்றுக்குக் குறுகிய இடைவெளியில் எண்ணெயை மாற்றச் சொல்லியிருப்பதும் பல வண்டிகளில் உண்டு.

திருநெல்வேலிச் சீமையில் ஓடும் கார் இந்தத் தலைப்பின் கீழ் வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 38 டிகிரியை எட்டுவது வழக்கம்; தார்ச்சாலைக்கு மேல் ஓரடி உயரத்தில் அது இன்னும் கூடுதல். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை மாலை நேரத்தில் ஊர்வது, சாரல் காலத்தில் குற்றாலத்து வாகன வரிசையில் நிற்பது, மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கோ செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகவோ மலையேறுவது ஆகிய எல்லாமே டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெயைக் கடைந்து சூடாக்குகிற ஓட்டங்கள். நாற்கரச் சாலையில் நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ சீராகச் செல்லும் வண்டிக்கு இந்தத் துன்பம் குறைவு. முதல் வகைப் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், இரண்டாம் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மாற்றுவது நல்லது. உங்கள் கையேடு அதைவிடக் குறைந்த தூரத்தைச் சொன்னால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

எண்ணெயை வடிப்பது எளிய வேலை. வடித்தபின் புதிய எண்ணெயை உரிய வெப்பநிலையில் உரிய அளவில் நிறுத்துவதுதான் கடினம். வீட்டில் செய்கிறவர்கள் தவறுவதும் பெரும்பாலும் அங்கேதான். வெயில் மிகுந்த நம் ஊரில் அந்தத் தவறு நேர வாய்ப்பும் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதலில்: உங்கள் காரில் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ்?

கிளட்ச் பெடல் இல்லாத கார்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. மாருதியின் ஏ.ஜி.எஸ். போன்ற ஏ.எம்.டி. வண்டிகளில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்கு மேனுவல் கியர் ஆயிலே போதும், இங்கே சொல்லப்படும் முறை அதற்குப் பொருந்தாது. சி.வி.டி. வகையில் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக இரண்டு புல்லிகளும் ஓர் எஃகுப் பட்டையும் இயங்குகின்றன. எண்ணெய் மாற்றும் முறை ஏறக்குறைய ஒன்றே என்றாலும், எண்ணெய் முற்றிலும் வேறு. இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.எஸ்.ஜி. போன்றவற்றை வீட்டில் திறக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. அவற்றில் கிளட்ச் உலர்வகையா எண்ணெயில் மூழ்கியதா என்பதைப் பொறுத்து வேலை முழுவதும் மாறிவிடும். இனி வருவது டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு முழுமையாகவும், சி.வி.டி.க்குச் சிற்சில மாற்றங்களுடனும் பொருந்தும்.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கியர் விழும்போது ஏற்கெனவே வழுக்குகிற, அல்லது டிரைவ் போட்டபின் இரண்டு மூன்று வினாடி கழித்து இடித்துக்கொண்டு நகர்கிற வண்டியிலும் செய்யாதீர்கள். கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு தேய்ந்துபோயிருந்தால் புதிய எண்ணெய் அதைத் திருப்பித் தராது. எண்ணெய் மாற்றியதால்தான் கியர்பாக்ஸ் கெட்டது என்று ஊரில் பலர் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலும், கெட்டபிறகே அவர்கள் எண்ணெயை மாற்ற நினைத்ததுதான்.

எண்ணெய் தேர்வு

சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. சிவப்பு என்பது கசிவை அடையாளம் காணச் சேர்க்கும் சாயம் மட்டுமே. எண்ணெயின் குணத்தை அது சொல்லாது. டொயோட்டாவின் பல புதிய கியர்பாக்ஸ்களுக்கு டபிள்யூ.எஸ். என்ற மெல்லிய எண்ணெய். அதே நிறுவனத்தின் பழைய வண்டிகளுக்கு டி-4 என்ற கெட்டியான எண்ணெய். ஹூண்டாயின் பழைய நான்கு கியர் பெட்டிகளுக்கு எஸ்.பி.-3, ஆறு கியர் பெட்டிகளுக்கு எஸ்.பி.-4. ஹோண்டாவின் சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்.-2, நிசானின் சி.வி.டி.க்கு, ஆண்டைப் பொறுத்து, என்.எஸ்.-2 அல்லது என்.எஸ்.-3. ஜெனரல் மோட்டார்ஸ் 2005இல் கொண்டுவந்த டெக்ஸ்ரான்-6 பழைய டெக்ஸ்ரான்-3 கேட்கும் அந்நிறுவனத்துப் பெட்டிகளில் செல்லும் என்றாலும், டெக்ஸ்ரான்-6 கேட்கும் பெட்டியில் பழைய எண்ணெயை ஊற்றக் கூடாது. கிளட்ச் எவ்வளவு விரைவாகப் பிடிக்க வேண்டும் என்பதை எண்ணெயில் கலந்துள்ள சேர்மானங்களே தீர்மானிக்கின்றன. ஆகவே 'எல்லா வண்டிக்கும் ஏற்றது' என்று எழுதிய டப்பாவை, குறிப்பாகச் சி.வி.டி.க்கு, நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எஃகுப் பட்டை புல்லியில் வழுக்காமல் இருப்பது எண்ணெயின் உராய்வுக் குணத்தை நம்பித்தான்.

ஷோரூமின் பாகங்கள் விற்கும் கவுண்ட்டரில், சீல் உடையாத டப்பாவாக, பில் போட்டு வாங்குங்கள். கையேடு சொல்லும் வடிப்பு அளவைவிட ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கினால், அளவு பார்க்கும்போது கைவசம் இருக்கும். அதே கவுண்ட்டரில் ட்ரெயின் பிளக்குக்கும் (எண்ணெய் வடிக்கும் துளையின் அடைப்பு) லெவல் பிளக்குக்கும் (அளவு பார்க்கும் துளையின் அடைப்பு) புதிய வாஷர்களையும், கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டான பேனைக் கழற்றுவதாக இருந்தால் கேஸ்கெட்டையும் ஃபில்டரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வாஷரை மறுபடி போடுவது, கசிவை நாமே வரவழைத்துக்கொள்வதாகும்.

நேரமும் இடமும்

கியர்பாக்ஸ் எண்ணெய் சூடானால் பெருகும். 8 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சென்றால் அதன் கொள்ளளவு கால் லிட்டருக்கும் சற்று மேலாகக் கூடிவிடும். எனவேதான் டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் கம்பி) இல்லாத கியர்பாக்ஸ்களில், எண்ணெய் ஒரு குறிப்பிட்ட வெப்ப வரம்புக்குள் இருக்கும்போது மட்டுமே அளவு பார்க்க வேண்டும் என்று கையேடு வற்புறுத்துகிறது. பல பெட்டிகளுக்கு அந்த வரம்பு 35 முதல் 45 டிகிரி; ஹூண்டாயின் ஆறு கியர் பெட்டிகள் போன்ற சிலவற்றுக்கு 50 முதல் 60 டிகிரி.

குளிர்நாட்டில் இருப்பவர் இந்த வரம்பை அடைய இன்ஜினை வெகுநேரம் ஓடவிட வேண்டியிருக்கும். நமக்கு நிலைமை நேர்மாறானது. வைகாசி மாதத்து நண்பகலில் நிழலில் நின்ற காரின் எண்ணெயே 38 டிகிரியில் இருக்கும். காலையில் கடைக்குப் போய்வந்த வண்டியென்றால் அது ஆறப் பல மணி நேரம் ஆகும். அந்த நிலையில் இன்ஜினைப் போட்ட சில நிமிடங்களிலேயே எண்ணெய் வரம்பைத் தாண்டிவிடும். வரம்பைத் தாண்டிய எண்ணெய் பெருகியிருப்பதால், லெவல் பிளக்கைத் திறந்தால் தேவைக்கு அதிகமாக வழிந்து ஓடும். நீங்கள் அளவு சரியென்று எண்ணி மூடுவீர்கள். ஆறியபின் உள்ளே எண்ணெய் குறைவாக இருக்கும். குறைந்த எண்ணெயில் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கிக் கருகும்.

இதற்கான விடை எளியது. முந்தின நாள் மாலையோடு வண்டியை நிறுத்திவிட்டு, மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். அப்போது கோடையிலும் எண்ணெய் 28 டிகிரி அளவில் இருக்கும். வடிக்கும் எண்ணெயும் ஊற்றும் எண்ணெயும் ஒரே வெப்பத்தில் இருப்பதால், வடிந்த அளவுக்கே ஊற்றுவது என்ற கணக்கும் பிசகாமல் நிற்கும். சூடாக இருந்தால்தான் நன்றாக வடியும் என்று பல வழிகாட்டிகள் சொல்வது குளிர்நாட்டுக்கு உரியது. 28 டிகிரியில் இந்த எண்ணெய் தாராளமாக வடியும், கையும் வேகாது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை இதற்கு இன்னும் உகந்தது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வீசும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருவதால், அந்த மாதங்களில் திறந்த வெளியில் பேனைக் கழற்ற வேண்டாம். வால்வு பாடியின் வழிகளில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கியர் மாறுவது கெடும்.

அடுத்தது தரை. அளவு பார்க்கும்போது வண்டி நான்கு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி அளவு பார்ப்பது பயனற்றது. நம் வீடுகளின் போர்ட்டிகோ தளத்தில் மழைத்தண்ணீர் தெருப்பக்கம் வடிவதற்காகக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் அது மட்டமல்ல. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தையோ தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தையோ கேட்டு வாங்கி, கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியின் முன்முனையும் பின்முனையும், இடமும் வலமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டாண்டுகளின் உயரத்தை மாற்றி, தேவையானால் கனத்த பலகை வைத்து, சரிசெய்யலாம். தேரிமண், செம்மண் தரையில் ஸ்டாண்டு வைக்கவே கூடாது. அது மெல்லப் புதையும். பேவர் கல் பதித்த தரையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான, கனத்த மரப்பலகை வேண்டும். லாரி ஷெட்டுகளில் இருக்கும் குழியைப் பயன்படுத்த உரிமையாளர் இசைந்தால், அதுவே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

தேவையான பொருள்கள்

ட்ரெயின், ஃபில்லர், லெவல் பிளக்குகளுக்குரிய சாக்கட் அல்லது ஆலன் கீ, டார்க் ரெஞ்ச், ஹைட்ராலிக் ஜாக்கி, நான்கு ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அடைக்கும் கட்டைகள், அளவுக்கோடு போட்ட, ஒளி ஊடுருவும் இரண்டு கேன்கள், எண்ணெயை மேலே ஏற்றும் கைப்பம்ப் அல்லது நீண்ட குழாயுடன் புனல், பிரேக் கிளீனர் ஸ்பிரே, நூல் உதிராத துணி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி. பனியன் வேஸ்ட்டைத் தவிர்க்கவும்; அதிலிருந்து உதிரும் பஞ்சு ஃபில்டரில் போய் அடையும்.

வண்டியின் கணினியோடு இணைத்து எண்ணெயின் வெப்பநிலையைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் மிக முக்கியம். எல்லா மலிவான ஸ்கேனரும் கியர்பாக்ஸ் வெப்பத்தைக் காட்டாது. இன்ஜின் கூலன்ட் வெப்பத்தைக் கியர்பாக்ஸ் வெப்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் எண்ணெய் வெப்பத்தைக் காட்டுகிறதா என்பதை முந்தின நாளே சோதித்துவிடுங்கள். காட்டாவிட்டால் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பேனின் அடிப்பகுதியில் காட்டிப் பார்க்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது தவறான எண்ணைக் காட்டும் என்பதால், ஓரிடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். துணைக்கு ஒருவரும் அவசியம். தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வடித்தல்

சக்கரங்களுக்குக் கட்டை அடைத்து, வண்டியைப் படிப்படியாகத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் அமர்த்தி, மட்டம் பார்த்து, வண்டியைக் கையால் பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பாருங்கள். அசையாது என்று உறுதியானபின்தான் அடியில் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் படுக்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்கும்.

முதலில் திறக்க வேண்டியது எண்ணெய் ஊற்றும் ஃபில்லர் பிளக். ட்ரெயின் பிளக்கைத் திறந்து எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, பிறகு ஃபில்லர் பிளக் துருப்பிடித்துக் கழலாமல் போனால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஃபில்லர் தளர்ந்ததும் அதன் சுற்றுப்புறத்தை ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டு, கையளவில் மூடி வையுங்கள்.

இப்போது ட்ரெயின் பிளக்கைத் திறந்து, எண்ணெயைச் சுத்தமான கேனில் பிடியுங்கள். சில பெட்டிகளில் ட்ரெயின் பிளக்கும் லெவல் பிளக்கும் ஒன்றே. பிளக்கைக் கழற்றியதும் சிறிதளவே வடிந்து நின்றுவிடும். உள்ளே நிற்கும் சிறு வழிகுழாய் அளவைக் காட்டுவதற்கானது. அதையும் ஆலன் கீயால் கழற்றினால்தான் மீதி வடியும். வடிந்தபின் அதை மறவாமல் திரும்பப் பூட்ட வேண்டும். எண்ணெயின் ஓட்டம் சொட்டுகளாக மாறும்வரை, கால்மணியோ அரைமணியோ, பொறுத்திருங்கள்.

வடிந்த எண்ணெயின் அளவைக் கேனின் கோட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் உள்ள முழுக் கொள்ளளவில் பாதிக்கும் குறைவாகவே அது இருக்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. அதற்காகக் கலங்க வேண்டாம்.

வடிந்த எண்ணெய் சொல்லும் செய்தி

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். வெள்ளைத் துணியில் சில சொட்டுகளை விட்டுப் பாருங்கள். செம்பழுப்பு, பழுப்பு நிறம் நம் ஊர் ஓட்டத்துக்கு இயல்பு. கன்னங்கரேலென்று இருந்து, தீய்ந்த நாற்றமும் வீசினால் கிளட்ச் கருகியிருக்கிறது. இளஞ்சிவப்பில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீரோ கூலன்டோ உள்ளே புகுந்திருக்கிறது; ரேடியேட்டருக்குள் கியர்பாக்ஸ் கூலர் அமைந்த வண்டிகளில் இரண்டையும் பிரிக்கும் தடுப்பு ஓட்டையாகும்போது இது நேரும்.

தண்ணீர் வேறு வழியாகவும் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியபோது, எத்தனையோ கார்கள் பானட் அளவுத் தண்ணீரில் நின்றன. கியர்பாக்ஸின் மேற்புறத்தில் காற்றுப்போக்குக்காக ஒரு பிரீதர் உண்டு. அது மூழ்கினால் அதன் வழியாக வெள்ளநீர் உள்ளே இறங்கும். அப்படி மூழ்கிய வண்டியை இன்ஜின் போட்டுப் பார்க்கவே கூடாது. கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு தண்ணீரை உறிஞ்சி, ஒட்டிய பசை விட்டுக் கழன்று வரும். அத்தகைய வண்டிக்கு வீட்டு முறை போதாது. பட்டறையில் கன்வெர்ட்டர் உட்பட முழுவதும் கழுவி நிரப்ப வேண்டும்.

பேனும் ஃபில்டரும்

சில கியர்பாக்ஸ்களில் ஃபில்டர் உள்ளே ஆழத்தில் இருப்பதால், பேனைக் கழற்றுவதில் பயனில்லை. அவற்றுக்கு இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பேனுக்கு நேர்மேலே ஃபில்டர் உள்ள பெட்டிகளில், முதல்முறை மாற்றும்போது கழற்றித்தான் ஆக வேண்டும் என்பேன்.

போல்ட்டுகளை ஒரு மூலையில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். எதிர்மூலையில் பேன் தாழும்போது உள்ளே தங்கிய எண்ணெய் வடியும். அதையும் கேனில் பிடித்துக் கணக்கில் சேருங்கள். பேன் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை நெம்பாதீர்கள். அலுமினிய விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே கசியும். ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் விட்டுவிடும்.

பேனுக்குள் இருக்கும் காந்தங்களில் மைபோன்ற சாம்பல் நிறக் கூழ் படிந்திருக்கும். அது இயல்பான தேய்மானம். விரலால் தேய்த்தால் நெருடுகிற சிலும்புகளோ, கண்ணுக்குத் தெரியும் உலோகத் துண்டுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எண்ணெயை மாற்றி மூடிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, ஒரு நல்ல கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் அந்தத் துண்டுகளையே காட்டுங்கள். காந்தங்களைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வையுங்கள்.

ஃபில்டரைக் கழற்றும்போது அதன் கழுத்தில் இருந்த ஓ-ரிங் மேலே துளைக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அது அங்கே இருக்கையில் புதிய ஃபில்டரைப் பொருத்தினால், சரியாக அமராமல் காற்றை உறிஞ்சும். டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். புதிய ஓ-ரிங்கில் புதிய எண்ணெய் தடவிப் பொருத்துங்கள். கேஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கான் பசை பூசும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கையேடு சொல்லாதவரை அதைச் செய்யாதீர்கள், பிதுங்கிய பசைத் துண்டு உள்ளே விழுந்து ஃபில்டரை அடைக்கும். பேன் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 7 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கமே போதும். அது மணிக்கட்டின் இலேசான திருகல். கைப்பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை சிதையும். நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, இரண்டு சுற்றுகளில் முறுக்குங்கள்.

நிரப்புதல்

ட்ரெயின் பிளக்கைப் புதிய வாஷருடன் கையேட்டின் முறுக்கத்தில் பூட்டி, வடிந்த அதே அளவுடன் 200 மில்லி கூடுதலாக ஃபில்லர் வழியே மெல்ல ஏற்றுங்கள். கூடுதலானது பிறகு வழிந்து வெளியே வந்துவிடும். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் இந்தக் கூடுதல் வேண்டாம். வடிந்த அளவுக்கே ஊற்றினால் போதும். பழைய எண்ணெயின் கேனையும் காலியான புதிய டப்பாக்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிறகு எல்லோரும் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். ஏசியை அணைத்து, போர்ட்டிகோவின் கதவுகள் திறந்திருக்க, துணைக்கு வந்தவர் பிரேக்கை நன்றாக மிதித்தபடி இன்ஜினைப் போடட்டும். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொரு நிலையிலும் ஐந்து வினாடி நிறுத்தி, கியர் லீவரை இருமுறை முன்னும் பின்னும் நகர்த்தி, இறுதியில் பார்க்கில் கொண்டுவந்து நிறுத்தட்டும். காலியான வழிகளில் எண்ணெய் இப்படித்தான் நிறையும். கியர் மாற்றப்படும் நேரத்தில் வண்டிக்கடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சக்கரம் சுழன்றால் உயிரே போகலாம்.

அளவு பார்த்தல்

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், கியர் பார்க்கில் இருக்கட்டும். ஸ்கேனரில் வெப்பம் ஏறுவதைக் கவனியுங்கள். வரம்பின் கீழ் எல்லையைத் தொட்டதும் லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். சைலன்சர் குழாய் இதற்குள் சூடேறியிருக்கும், முழங்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் முதலில் நூல்போல் ஓடி, பின் சொட்டுகளாக மாறும். சொட்டத் தொடங்கியதும் புதிய வாஷருடன் பிளக்கை மூடிவிடுங்கள். ஒன்றும் வரவில்லையானால் எண்ணெய் குறைவு. ஃபில்லர் வழியாக 100 மில்லி, 100 மில்லியாக ஏற்றி, வழியத் தொடங்கும்வரை காத்திருங்கள். இதற்கிடையே வெப்பம் மேல் எல்லையைத் தாண்டிவிட்டால் பிளக்கை மூடி, இன்ஜினை அணைத்து, வண்டி ஆறும்வரை விட்டுவிடுங்கள். எண்ணெய் 50 டிகிரியில் இருக்கும்போது '45-க்குப் பக்கம்தானே' என்று பார்த்து மூடுவதை என்னால் ஏற்க முடியாது. விடியலில் தொடங்கியவருக்கு, பகல் ஏறுமுன் இன்னொரு முறை முயல நேரம் இருக்கும்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் வேலை எளிது. பெரும்பாலானவற்றில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பழைய பெட்டிகளில் இன்ஜினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். குளிர்நிலைக் கோட்டை முதல் மதிப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்தி, நன்றாக ஓட்டிவந்தபின் சூட்டுநிலைக் கோட்டில் இறுதி அளவைப் பாருங்கள். அளவு மீறினாலும் கேடுதான். சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்க, நுரை அழுத்தத்தைத் தாங்காது.

சி.வி.டி. வண்டிகள் சிலவற்றில், எண்ணெயின் தேய்மானத்தைக் கணினி எண்ணிக்கொண்டே வருகிறது. புதிய எண்ணெய் ஊற்றியதை ஸ்கேனர் மூலம் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் ஷோரூமில் செய்துகொள்ளலாம்.

பழைய எண்ணெய்

பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தீங்கான கழிவாகவே வகைப்படுத்துகின்றன. கரையானுக்காக வேலிக்கட்டையில் பூசுவது, புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்பது, சாக்கடையில் ஊற்றுவது எல்லாம் நம் பக்கத்தில் வெகுசாதாரணம். அந்தச் சாக்கடை பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ போய்ச் சேர்கிறது. அந்தத் தண்ணீர் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கிறது. புதிய எண்ணெய் வந்த டப்பாக்களிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு எண்ணெய் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

ஓட்டிப் பார்த்தலும் இரண்டாம் சுற்றும்

வண்டியை இறக்கியதும் முதலில் தெருவிலேயே நூறடி முன்னும் பின்னும் நகர்த்தி, நின்ற இடத்தில் சொட்டு விழுகிறதா பாருங்கள். பிறகு மேடில்லாத சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து, எல்லாக் கியரும் விழும்படி ஓட்டுங்கள். திரும்பி வந்து பேனின் விளிம்பையும் மூன்று பிளக்குகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மலைச்சாலையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் கசிவு இருந்தால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

ஒருமுறை வடித்து நிரப்பியதால் எண்ணெய் முழுவதும் புதிதாகிவிடவில்லை. மொத்தம் 8 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 3.2 லிட்டர் வடிந்தது என்று கொள்வோம். முதல் சுற்றில் 40 விழுக்காடு புதியது; 60 விழுக்காடு பழையது. அதே அளவை மறுபடி வடித்து நிரப்பினால் பழையது 36 விழுக்காடாகவும், மூன்றாம் சுற்றில் 22 விழுக்காடாகவும் குறையும். வெகுநாள் மாற்றாத வண்டிக்கு, 500 முதல் 1,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சுற்றுகளாவது செய்யுங்கள்; இரண்டாம் சுற்றில் பேனைக் கழற்ற வேண்டியதில்லை. இயந்திரம் வைத்து அழுத்தத்தில் ஒரே மூச்சில் முழுவதையும் தள்ளிவிடும் முறையை, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எண்ணெய் மாற்றாத வண்டிகளுக்கு நான் விரும்புவதில்லை. படிந்து கிடக்கும் கசடை ஒரே நாளில் கிளப்பி வால்வு பாடிக்குள் அனுப்புவதைவிட, சிறிது சிறிதாக மாற்றுவது பாதுகாப்பானது.

ஒவ்வொரு சுற்றிலும் கிலோமீட்டர் எண், வடிந்த அளவு, ஊற்றிய அளவு, அளவு பார்த்தபோது எண்ணெயின் வெப்பம், எண்ணெயின் பெயர் ஆகிய ஐந்தையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பில்லை அதனுடன் இணைத்து வையுங்கள். அடுத்தமுறை வடியும் அளவு இப்போதையதைவிடக் குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதை அந்தக் குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.